துளிர்த்தாலும் துளிர்க்காவிட்டாலும்

கூத்தங்குறிச்சி மாரியம்மன் கோயில் வேம்பு காய ஆரம்பித்தது ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு. வெற்றிச்செல்விக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். கல்யாணத்தையும் மரம் காய்வதையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக் காட்டைத் தாண்டினால் வருகிற ஊர் அது. செல்வியின் முதல் புருஷன் கலைச்செல்வன் சுண்ணாம்புக்கல் லாரி மோதிச் செத்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குப் போகாமல், மாமியார் ஜெகதாம்பாளோடு அதே வீட்டில் இருந்துகொண்டாள். கிணற்றடியில் பச்சை வலைப் பந்தல் போட்டு, குழித்தட்டுகளில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று வளர்த்து விற்றாள். அவள் கையால் வந்த நாற்று சோடை போகாது என்று பேர் வந்ததும் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்துகூட ஆள் தேடி வந்தார்கள்.

அப்படி வந்தவன்தான் குழந்தைவேல். அரும்பாவூர்க்காரன். சொந்தமாக லோடு ஆட்டோ வைத்திருந்தான். மூன்று தங்கைகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதற்கப்புறம் யாரும் பெண் கொடுக்கவில்லை. ஒரு மழை நாளில் அவன் நாற்று ஏற்ற வந்தபோது, பந்தலில் பாதித் தட்டுகள் நாற்றழுகல் பிடித்துச் சாய்ந்து கிடந்தன. சரக்கு இல்லை என்று தெரிந்தும் அவன் திரும்பிப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அழுகின தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய் ஓடையோரம் கொட்டினான். பொழுது சாயும்போது கையைக் கழுவிக்கொண்டே, "ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?" என்றான். அவன் என்ன கேட்கப் போகிறான் என்பது செல்விக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அவள் மாமியாரிடம்தான் முதலில் சொன்னாள். ஜெகதாம்பாள் வெகுநேரம் புளி கொட்டை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"என் கஞ்சிய எங்க ஊத்துவ?" என்றாள் கடைசியில்.

"இதே வூட்டுலதான் அத்தை."

"அப்பச் சரி."

ஆவணியில் செட்டிகுளம் முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். ஊரில் யாரும் எதிரே வந்து எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் மாரியம்மன் கோயிலுக்குப் போய், வேம்பைச் சுற்றி வந்து, கைக்கு எட்டுகிற கிளையில் மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தார்கள்.

ஐப்பசியில் அந்தக் கிளைதான் முதலில் கருகியது.

நுனி இலைகள் நெருப்புப் பட்டதுபோலச் சுருண்டு, குச்சியோடு காய்ந்து தொங்கின. நாலு நாள் விட்டுவிட்டு மழை பெய்தது. கருகல் அடுத்த கிளைக்கு ஏறியது. கார்த்திகை பிறப்பதற்குள் மரம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. மூன்று ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம், பச்சை இலை என்பதே இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது. செல்வி குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். ஒருநாள் எதிர்வீட்டுச் சின்னம்மாள் மட்டும் மனசு கேட்காமல் சொல்லிவிட்டாள்.

"ஆத்தாவுக்கு இந்தக் கல்யாணம் ஆவலன்னு பேசிக்கிறாங்கடி. நீ துணி கட்டுன கெளயிலேர்ந்துதான் பத்திக்கிச்சாம்."

"செந்துறை ரோட்டுல இருக்கிற அத்தன வேப்பமரமும் காஞ்சு கெடக்கு. அங்கல்லாம் நான் போயி துணி கட்டுனேனா?"

"நான் என்னடி பண்ணுவேன், ஊரு வாயி" என்று சின்னம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாமிதுரை வந்தார். கோயில் தர்மகர்த்தா. ஜெகதாம்பாளின் கொழுந்தனார், கலைச்செல்வனுக்குச் சித்தப்பா. கலைச்செல்வன் செத்தபோது அரியலூர் ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க நின்று பிரேதத்தை வாங்கி வந்தவர் அவர்தான். பந்தல் போட மூங்கில் வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஆகையால் அவர் வாசலில் நின்று, உள்ளே வராமல் பேசியதே செல்விக்குச் சுருக்கென்றது.

"ஒன்ன நான் மவளாத்தான் பாத்தேன் செல்வி. இன்னமும் அப்புடித்தான். அதனால வெளி ஆளு சொல்லி நீ கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்றேன். வர்ற ஞாயித்துக்கெழம ஊர் கூடுது. நீ ஈரத்துணியோட வந்து, மரத்தச் சுத்தி வுழுந்து கும்புட்டு, 'என்னாலதான் நடந்துச்சு, பொறுத்துக்க தாயே'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"என்னால என்ன நடந்துச்சு மாமா?"

"மரம் காஞ்சிருக்குல்ல?"

"அது நோவு மாமா. பூஞ்சை. அரியலூர் வரைக்கும் எல்லா மரமும் அப்புடித்தான் இருக்கு."

"ஊர்ல இருக்கறதெல்லாம் மரம். இது ஆத்தா" என்றார் சாமிதுரை. அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த மரம் பட்டுப்போனால் தன் காலத்தில்தானே பட்டது என்று ஆகிவிடுமே என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் போனதும் செல்வி ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். காய்ந்த குச்சியும், காய்ந்ததும் பச்சையும் சேருகிற இடமாகப் பார்த்து ஒரு துண்டும் ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அரியலூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

அரியலூரில் விவசாயிகளுக்குப் பயிர் நோய் பார்த்துச் சொல்கிற அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே நர்மதா என்று ஒரு பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். நாற்றழுகலுக்கு வழி கேட்டுப் போனபோது பழக்கம். செல்வியைப் பார்த்ததும், "வாங்கக்கா, மறுபடி தட்டு சாஞ்சிடுச்சா?" என்று சிரித்தாள். பையைத் திறந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பிளேடால் குச்சியை நீளவாக்கில் பிளந்தாள். நுனியிலிருந்து பழுப்பு நிறம் உள்ளே இறங்கி வந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றிருந்தது. அதற்குக் கீழே வெள்ளையும் பச்சையுமாக உயிர் இருந்தது. பழுப்புப் பகுதியை ஈரக் காகிதம் விரித்த டப்பாவில் வைத்து மூடினாள். "நாலஞ்சு நாள் கழிச்சு வாங்க, ஆளக் காட்டுறேன்" என்றாள்.

செல்வி போனாள். குச்சியின் தோல்மேல் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் பொட்டுகள் வெடித்திருந்தன. நர்மதா ஒன்றைச் சுரண்டி நீரில் போட்டு, நுண்ணோக்கியில் கண் வைக்கச் சொன்னாள். முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. பிறகு சீரகத்தைத் தூவிவிட்டது போலத் துணுக்குத் துணுக்காக நூற்றுக்கணக்கில் மிதந்தன. சிலது கொக்கிபோல வளைந்திருந்தது.

"இதுவா?" என்றாள் செல்வி. "அம்மாம் பெரிய மரத்த இதுவா சாய்ச்சுது?"

"சாய்க்கலக்கா. அதுதான் விஷயம்." நர்மதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இது மழைத் தண்ணில தெறிச்சுப் போவும். உங்க முந்திரிப் பூவக் கருக்குமே தேயிலைக் கொசு, அது வேப்பங்கொழுந்தயும் கடிக்கும். கடிச்ச புண்ணு வழியா இது உள்ள போயிடும். நுனிக் குச்சி, எல, பூ, காய், அவ்வளவுதான் இதுக்குத் தீனி. வேருக்குப் போவாது. மரத்துக்குப் பூஞ்சை தேவையில்ல, பூஞ்சைக்கு மரம் வேணும். மரம் செத்தா அதுக்கும் சோறு கெடையாது."

"மரம் என்ன பண்ணும்?"

"சும்மா இருக்காது. நுனி போச்சுன்னா உள்ளேர்ந்து மொட்டு வுடும். தை, மாசி வெயில் வந்தா இது அடங்கிடும், மரம் கெளம்பிடும். அடுத்த மழைக்கு மரம் அடங்கும், இது கெளம்பும்."

"அப்ப யாரு ஜெயிக்கிறது?"

"அத வருஷா வருஷம் பாக்கணுங்கக்கா" என்றாள் நர்மதா.

செல்வி நுண்ணோக்கியிலிருந்து நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தான் வந்த காரணத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம், ஈரத்துணி, விழுந்து கும்பிடுவது எல்லாம். நர்மதாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்த மரம் துளுத்துடும்னு எழுதிக் குடுங்க மேடம். ஆபீஸ் முத்திரையோட. அது போதும் எனக்கு."

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள். "இது பூஞ்சை நோவுன்னு எழுதித் தரேன். துளுக்கும்னு எப்புடிக்கா எழுதுவேன்? பெரும்பாலும் துளுத்துடும். நூத்துல தொண்ணூறுன்னு வெச்சுக்குங்க. ஆனா வயசான மரம். வருஷம் தவறாம அடி வாங்குனா சிலது தாங்காது. அந்தப் பத்துல உங்க மரம் இருந்துச்சுன்னா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்வி ரோட்டோர மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழுப்பு, பழுப்பு, நடுவில் ஒரு புங்கமரம் பச்சையாக, மறுபடி பழுப்பு. மரம் பிழைத்தால்தான் நாம் பிழைப்போம் என்றுதானே அரியலூருக்கு ஓடினோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. தன் கல்யாணத்துக்கு ஒரு மரத்திடம் ஜாமீன் கேட்கப் போனதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. செல்வி காய்ந்த சேலையோடு வந்தாள். அதிலேயே பாதிப் பேருக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் குழந்தைவேல் நின்றான். வெளியூர்க்காரன் என்பதால் அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஜெகதாம்பாள் பெண்கள் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

செல்வி நர்மதா எழுதிக் கொடுத்ததைப் படித்துச் சொன்னாள். பூஞ்சை என்றாள், தேயிலைக் கொசு என்றாள், தை மாசியில் பெரும்பாலும் துளிர்த்துவிடும் என்றாள். சிலர் தலையை ஆட்டினார்கள். முந்திரி வைத்திருந்த இரண்டு பேர், "அந்தக் கொசு பொல்லாதது" என்றுகூடச் சொன்னார்கள்.

"நோவுன்னே வெச்சுக்குவோம்" என்றார் சாமிதுரை. "எத்தன மழை பெஞ்சிருக்கு, எத்தன கொசு வந்திருக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்து ஆத்தா வாடுனதே இல்லியே. ஏன் இந்த வருஷம்? ஏன் அந்தக் கெள?"

செல்வி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்; அதில் அது எழுதியிருக்கவில்லை. கொட்டகை சலசலத்தது. அப்போது வார்டு மெம்பர் அசோக் எழுந்தான். நல்லவன். யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிற பையன்.

"எதுக்கு மாமா சண்ட? மாசி கடைசி வரைக்கும் பாப்போம். மரம் துளுத்துச்சுன்னா செல்வியக்கா மேல குத்தம் இல்ல, எல்லாரும் மறந்துடுவோம். துளுக்கலன்னா அக்கா வுழுந்து கும்புடட்டும். ஞாயம்தானே?"

கொட்டகைக்கே அது பிடித்துப்போயிற்று. "சரியான பேச்சு" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. சாமிதுரைகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். குழந்தைவேல் செல்வியைப் பார்த்தான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தொண்ணூறு என்று அந்த மேடமே சொல்லியிருக்கிறதே. சரி என்று ஒரு வார்த்தை போதும், இந்தக் கொட்டகையை விட்டுப் போய்விடலாம்.

"நான் ஒத்துக்கல" என்றாள் செல்வி.

"என்னக்கா இது? துளுக்கும்னு நீயேதானே சொல்ற?" என்றான் அசோக்.

"துளுக்கும்னுதான் நெனக்கிறேன் தம்பி. துளுக்கணும்னு ஆத்தாகிட்ட தெனமும் கேக்குறேன். ஆனா துளுத்தா நான் நல்லவ, துளுக்கலன்னா நான் கெட்டவன்னு ஒத்துக்கிட்டேன்னா என்ன ஆவும்? இந்த நோவு அடுத்த ஐப்பசிலயும் வரும். மறுபடி இதே கொட்டாயில நான் வந்து நிக்கணும். அதுக்கு அடுத்த வருஷமும். நான் சாவுற வரைக்கும், கோயிலுக்கு வந்தா ஆத்தா மொகத்தப் பாக்காம மரத்து நுனியப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

செல்வி மரத்துப் பக்கம் திரும்பினாள்.

"இந்த மரம் முச்சூடும் பட்டுப்போவட்டும். வேரோட சாயட்டும். அப்பவும் அதுக்குக் காரணம் நான் இல்ல. நான் கல்யாணம் பண்ணுனேன். அவ்வளவுதான் பண்ணுனேன்."

சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப மாசித் திருவிழாவுல ஒனக்குப் பொங்கப்பான வெக்க எடம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேல் சத்தம் போட்டான். கல்யாணமான பிறகு அவன் போட்ட முதல் சத்தம் அது.

"கையில வந்ததத் தட்டி வுட்டுட்டியே! மூணு நாலு மாசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தா தானா முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்காது."

"ஒனக்கு வீம்பு."

"ஆமா, வீம்புதான்" என்றாள் செல்வி. "ஒங்களக் கட்டிக்கிட்டது குத்தமா இல்லியான்னு ஒரு குச்சியில மொட்டு வர்றதப் பாத்தா ஊரு முடிவு பண்ணும்? நீங்களே சொல்லுங்க."

அவன் வெகுநேரம் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை.

ஜெகதாம்பாள்தான் விடவில்லை. சோறு போடும்போது, தலை பின்னும்போது, விளக்கு ஏற்றும்போது என்று ஓயாமல் சொன்னாள். "ஆத்தா முன்னாடிதானே வுழச் சொல்றாங்க, மனுஷன் முன்னாடியா? தெனமும் வுழுந்து கும்புடுறவதானே நீ?"

"கும்புடுறதுக்கு எத்தன தடவ வேணும்னாலும் வுழுவேன் அத்தை. குத்தத்த ஒத்துக்கிறதுக்கு வுழ மாட்டேன்."

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் கிழவி. "ஒரு புள்ளயக் குடுத்துட்டேன். இவனுக்கும் ரோட்டுலதான் வேல." அதைக் கேட்டதும்தான் செல்விக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள். முடிவை மாற்றவில்லை.

மார்கழியும் தையும் கஷ்டமாகத்தான் போயின. ஊரில் யாரும் நாற்று வாங்க வரவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், பிழைப்பு ஓடியது. வெள்ளிக்கிழமை தவறாமல் செல்வி கோயிலுக்குப் போனாள். அவள் வருகிற நேரம் பார்த்துக் கம்பிக் கதவைப் பூட்டி வைத்தார்கள். கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். எதிரே வருகிற பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சின்னம்மாள் மட்டும் இருட்டுகிற நேரத்தில் வந்து ஒரு கிண்ணம் குழம்பு வைத்துவிட்டு ஓடுவாள். "வெளிச்சத்துல வந்து குடு, இல்லாட்டி வேணாம்" என்று செல்வி ஒருநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சின்னம்மாள் பத்து நாள் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம், பட்டப்பகலில், தெருவே பார்க்கக் கருவாட்டுக் குழம்போடு வந்தாள்.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் மரம் துளிர்த்தது.

முதலில் தூரிலும் பெருங்கிளைகளிலும் செம்பு நிறத்தில் முளை விட்டது. நாலு நாளில் மரம் முழுக்கச் செந்தளிர். வெயில் பட்டால் விளக்கு ஏற்றினதுபோல மினுங்கியது. தெற்குப் பக்கத்துப் பெருங்கிளை ஒன்று மட்டும் அப்படியே மொட்டையாக நின்றது. ஊர் சந்தோஷப்பட்டது. செல்விக்கும் சந்தோஷம்தான். கம்பிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்று சாயங்காலமே சாமிதுரை வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஆத்தா மன்னிச்சிட்டா செல்வி. மனசுல எதையும் வெச்சுக்காத. திருவிழாவுக்கு வந்து பொங்க வை."

ஜெகதாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள். செல்வி, "வரேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

திருவிழா அன்று கோயில் முன்னால் பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டியிருந்தார்கள். செல்வி பானையோடும், குழந்தைவேல் விறகோடும், ஜெகதாம்பாள் அரிசி வெல்லத்தோடும் வந்தார்கள். அப்போது சாமிதுரை ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். வரி கொடுத்த தலைக்கட்டுக்காரர்களை எல்லாம் பேர் சொல்லி வரவேற்றுவிட்டு, "கலைச்செல்வன் சம்சாரம் வெற்றிச்செல்வியோட குத்தத்த ஆத்தா பொறுத்து, மன்னிச்சு ஏத்துக்கிட்டு..." என்றார்.

செல்வி பானையைக் கீழே வைத்தாள். நேராக மேடைக்குப் போனாள்.

"மாமா, அந்த வார்த்தைய எடுத்துடுங்க."

மைக் அவர் கையில் திறந்தே இருந்தது. அவள் குரல் கோயில் கூம்பு ஒலிபெருக்கி வழியாக ஊர்க்கோடி வரை கேட்டது. அவளே ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு, கேட்கட்டும் என்று நின்றாள்.

"எந்த வார்த்தைய?" என்றார் சாமிதுரை.

"மன்னிப்ப. குத்தம் இருந்தாத்தானே மன்னிப்பு? நான் கலைச்செல்வன் சம்சாரமும் இல்ல இப்ப. குழந்தைவேல் சம்சாரம். அதுக்கு வெக்கப்படல."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் புள்ள? ஆத்தாதான் துளுத்துக் காட்டிட்டாளே."

செல்வி கையை நீட்டித் தெற்குக் கிளையைக் காட்டினாள். "அந்தக் கெள இன்னம் மொட்டயா நிக்குது. அதுக்கு என்ன சொல்லப் போறீங்க? முக்காவாசி மன்னிச்சிட்டா, கால்வாசி பாக்கி வெச்சிருக்காளா?"

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது அடுத்தவளுக்குத் தொற்றியது. சின்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சாமிதுரைக்கு முகம் சுண்டிவிட்டது. மைக்கை அணைத்துக் கீழே வைத்தார். அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை.

செல்வி கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு இறங்கி வந்தாள். வரிசையில் நெருக்கமாக அடுப்புகள். எங்கே வைப்பது என்று அவள் பார்ப்பதற்குள் ஜெகதாம்பாள் நடுவில் இரண்டு பெண்களை நகரச் சொல்லிவிட்டு, குனிந்து கல்லை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? அடுப்பப் பத்த வை. வெயில் ஏறுது" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் மரம் மறுபடி காய்ந்தது. தெற்குக் கிளையை அதற்கு முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள். இந்தத் தடவை யாரும் செல்வியைப் பற்றிப் பேசவில்லை. அசோக்கின் தங்கை லாவண்யா, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் அடி தாங்காமல் அந்த மாதம்தான் பெட்டியோடு வந்திருந்தாள். புருஷன் வூட்ட வுட்டு வந்த பொண்ணு கோயிலுக்குள்ள கால வெச்சதுதான் என்று குழாயடியில் ஒரு குரல் ஆரம்பித்தது.

செல்வி காதில் அது விழுந்த அன்றே நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு அசோக் வீட்டுக்குப் போனாள். லாவண்யா கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அசோக் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கொட்டாயில ஊரக் கூட்டிப் பேசிடலாமாக்கா?" என்றான்.

"எதுக்கு? பேசறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றாள் செல்வி. "லாவண்யா, சேலைய மாத்திக்கிட்டு வா. இன்னிக்கு வெள்ளிக்கெழம."

இரண்டு பேரும் குழாயடி வழியாகவேதான் போனார்கள். சுற்று வழி இருந்தது. செல்வி அதில் போகவில்லை. குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் எடுக்கவில்லை. சின்னம்மாள் மட்டும், "பூ வாங்கலியாடி?" என்று கேட்டு, தன் முழத்திலிருந்து பாதியைக் கிள்ளி லாவண்யா கையில் கொடுத்தாள்.

கோயில் கம்பிக் கதவருகே சாமிதுரை படியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார்.

"இந்த வருஷமும் காஞ்சிடுச்சு" என்றார்.

"ஆமா மாமா. மழ வந்தா காயும்" என்றாள் செல்வி.

அவர் வழியில் நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

உள்ளே போகும்போது லாவண்யா செல்வியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத" என்றாள் செல்வி. "கேக்குறவங்கள எங்கிட்ட அனுப்பு."